1950 செவர்லே லாரிக்குச் சக்கரமும் டயரும் தேடியது: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சோளமும் சோயாவும் விளையும் ஒரு பண்ணையின் கொட்டகையில் பல ஆண்டுகளாக ஓடாமல் நின்ற செவர்லே ஒன்றரை டன் லாரி ஒன்றை மீண்டும் சாலையில் ஓட்ட வேண்டும் என்று அதன் உரிமையாளர் முடிவு செய்தார். லாரி 1950ஆம் ஆண்டைச் சேர்ந்தது. என்ஜின் அதிகத் தொல்லை தரவில்லை, பிரேக்குக்கான உதிரிகள் தபாலிலேயே வந்து சேர்ந்தன. மற்ற எல்லா வேலைகளையும் சேர்த்தால் ஆகும் அலைச்சலைவிட அதிக அலைச்சலைக் கொடுத்தவை சக்கரங்களும் டயர்களும்தான். அருகில் வசிப்பவன் என்ற முறையிலும், கனரக வாகனங்களோடு ஓரளவு பழகியவன் என்ற முறையிலும் அந்தத் தேடலில் நானும் உடனிருந்தேன். பழைய லாரி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் டயரில் தொடங்கி ரிம்முக்கு, அதாவது டயர் உட்காரும் இரும்பு வட்டத்துக்கு, வருகிறார்கள். இந்த வேலையோ சக்கரம் மாட்டப்படும் அச்சு முனையான ஹப்பில் தொடங்கி, ரிம் வழியாக, கடைசியில் டயருக்கு வர வேண்டியது. அந்த வரிசை மாறினால் பணம் எங்கே வீணாகும், உயிருக்கு ஆபத்து எங்கே வரும் என்பதைத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு என்பதால் இதை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

வண்டியும் அதன் தேவையும்

செவர்லே நிறுவனம் 1947ஆம் ஆண்டின் நடுவில் அறிமுகப்படுத்தி 1955ஆம் ஆண்டின் தொடக்கம் வரை விற்ற ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசையில், ஒன்றரை டன் பிரிவின் நீளமான வடிவம் இது. முன்னும் பின்னும் உள்ள அச்சுகளுக்கு இடையே 161 அங்குலம். முன்னால் இரண்டு சக்கரங்கள், பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு, ஸ்டெப்னி ஒன்று என மொத்தம் ஏழு சக்கரங்கள் தேவை. வண்டியில் இருந்தவை 7.50-20 அளவுள்ள டயர்கள். நம் ஊர் லாரிக்காரர்கள் 900-20, 1000-20 என்று (9.00, 10.00 என்பதைப் புள்ளியில்லாமல்) சொல்லும் அதே முறைதான் இது. முதல் எண் டயரின் அகலத்தையும் இரண்டாவது எண் ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கின்றன.

உரிமையாளர் இந்த லாரியில் பெரும் பாரம் ஏற்றப்போவதில்லை. அறுவடைக் காலத்தில் கொஞ்சம் வைக்கோல் கட்டுகள், ஊர்த் திருவிழா ஊர்வலங்கள், மாவட்டச் சாலையில் மணிக்கு 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர் வேகம், இவைதான் அவருடைய எதிர்பார்ப்பு. தேவை இவ்வளவுதான் என்பது முதலிலேயே தெளிவாக இருந்ததால், பிற்பாடு பல வழிகளைத் தயங்காமல் ஒதுக்க முடிந்தது.

முதலில் வாங்கப்பட்ட டயர்கள்

நான் அந்தக் கொட்டகைக்குள் நுழைவதற்கு முன்பே இரண்டு டயர்கள் வாங்கப்பட்டிருந்தன. பண்ணைப் பொருள்கள் ஏலத்தில் வந்தவை, அளவு 7.50-20, ஒருமுறைகூடச் சாலையைத் தொடாதவை. தரையைத் தொடும் பட்டன் தேயாமல் முழுசாக இருந்தது, ரப்பர் கறுப்பாகப் பளபளத்தது. ஆனால் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டிருந்த, அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டி.ஓ.டி. குறியீட்டின் கடைசிப் பகுதியில் மூன்று இலக்கங்களே இருந்தன. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் தயாரான டயர்களில் அந்தப் பகுதி நான்கு இலக்கமாக இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். மூன்று இலக்கம் என்றால் அந்த டயர் 2000க்கு முற்பட்டது என்பதில் ஐயமில்லை. குறியீடே இல்லாத அமெரிக்க டயர் என்றால் பெரும்பாலும் 1970களுக்கு முந்தையது என்று கொள்ளலாம். கட்டைவிரலால் பக்கச்சுவரை அழுத்தி வளைத்தபோது முடி போன்ற வெடிப்புகள், ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பான ‘பீடு’ பகுதியை ஒட்டி வரிசையாகத் திறந்தன. பயன்படுத்தாத டயர் கெடாது என்ற நம்பிக்கை அயோவாவிலும் இருக்கிறது, தமிழ்நாட்டின் லாரி ஊரான சங்ககிரியிலும் இருக்கிறது. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காற்றாலும் ஓசோனாலும் கெட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த இரண்டும் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டன. அவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ரிம்மைப் படித்தல்

துரு நீக்கும் கம்பித் தூரிகையால் சக்கரங்களைத் தேய்த்தபோது, ஏழில் ஐந்தில் ‘ஆர்.எச். 5°’ என்ற முத்திரை தெரிந்தது. ஃபயர்ஸ்டோன் நிறுவனம் செய்த இந்த வகை ரிம்தான் அமெரிக்க டயர் கடைகளில் ‘விடோ மேக்கர்’ (விதவையாக்கி) என்று அழைக்கப்படுவது. மற்ற இரண்டும் வெளிப்பக்கத்தில் பிளவுள்ள வளையம் கொண்ட, நாம் லாக் ரிங் என்று சொல்லும் வகை. எழுபது ஆண்டுகளில் யாரோ கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு வகைகளையும் ‘பிளந்த ரிம்’ என்ற ஒரே பெயரில் அடக்கிப் பேசுவதுதான் இந்தத் துறையில் உள்ள பெரிய குழப்பம். லாக் ரிங் வகையில் ரிம்மின் வெளி விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கும். பிளவுள்ள வளையம் அதில் வந்து உட்காரும். டயரில் காற்று ஏற ஏற பீடு அந்த வளையத்தைப் பள்ளத்துக்குள் இறுக்கும். வளையம் சரியாக உட்கார்ந்ததா, பள்ளத்தில் துரு இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் தடவலாம். ஆர்.எச். 5° வகையில் ரிம் இரண்டு பாதிகளாக இருக்கும். இரண்டும் சேரும் இடம் ரிம்மின் நடுப்பகுதியில், டயருக்கும் டியூபுக்கும் அடியில் மறைந்துவிடும். ஒரு பாதியை மற்றதன் மேல் தட்டிப் பொருத்திய பிறகு, பிடிப்பு முழுவதும் விழுந்ததா என்று பார்க்க வழியே இல்லை. டியூபுக்கும் ரிம்முக்கும் இடையே புகும் ஈரம் அந்தச் சேரும் விளிம்பைத்தான் முதலில் அரிக்கும். வெளியே வண்ணம் பூசிப் புதிதுபோல் தோன்றும் சக்கரத்தின் உள்ளே பிடிப்பு விளிம்பு பாதி தேய்ந்து கிடக்கலாம்.

ஆபத்தின் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 7.50-20 டயரில் 70 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 70 பவுண்டு) காற்று இருக்கும்போது, பக்கவாட்டில் ரிம்மின் ஒரு பாதியை வெளியே தள்ளும் விசை தோராயமாக 10 டன். அந்தப் பிடிப்பு விட்டுப்போனால், அதன் பாதையில் நிற்பவருக்கு ஒதுங்க நேரம் இருக்காது. ஓடும்போது மட்டுமல்ல, காற்று ஏற்றும்போதும், நட்டைக் கழற்றும்போதும்கூட இது நேர்ந்திருக்கிறது.

இத்தகைய விபத்துகளின் விளைவாகவே அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார நிர்வாகமான ஓஷா, 1980இல் பல துண்டு ரிம்களைக் கையாள்வதற்கென்று தனி விதியை வெளியிட்டது. 29 சி.எஃப்.ஆர். 1910.177 என்ற எண் கொண்ட அந்த விதி, 1984இல் ஒற்றைத் துண்டு ரிம்களுக்கும் விரிவாக்கப்பட்டது. டயரைக் கழற்றுமுன் வால்வின் உள்ளூசியை எடுத்துக் காற்றை முழுவதும் இறக்க வேண்டும். காற்று ஏற்றுவது கூண்டுக்குள் நடக்க வேண்டும். கூண்டு, டயருக்குக் குறிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கில் ரிம் பிரிந்தாலும் தாங்க வேண்டும். வால்வில் தானாகப் பற்றிக்கொள்ளும் முனையும், நடுவில் அளவுமானியோ அடைப்பானோ கொண்ட நீண்ட குழாயும் வேண்டும். காற்று இருக்கும்போது வளையத்தைச் சுத்தியால் தட்டி உட்கார வைக்கக் கூடாது. விரிசல் கண்ட பாகத்தைப் பற்றவைத்தோ சூடாக்கியோ சரிசெய்யக் கூடாது. பாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தும்போது அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். விதி பணியாளர்கள் உள்ள தொழிலிடங்களுக்கு உரியது. தன் கொட்டகையில் தானே டயர் மாற்றும் விவசாயியை அது கட்டுப்படுத்தாது, ஆனால் அந்த 10 டன் விசை அவரை மட்டும் விட்டுவைப்பதில்லை.

தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் வளர்ந்தவர்களுக்கு லாக் ரிங் புதிதல்ல. பஞ்சர் கடையில் காற்று ஏற்றுமுன் சக்கரத்தின் கைத்துளைகள் வழியே கடப்பாரையைக் குறுக்கே செருகி, அந்தப் பக்கம் போகாதே என்று சிறுவர்களை விரட்டுவதைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கடப்பாரை, கூண்டு இல்லாத இடத்தில் அனுபவம் கண்டுபிடித்த பாதுகாப்பு. ஒன்றுமில்லாததற்கு அது மேல்தான், என்றாலும் கூண்டுக்கு ஈடல்ல.

சுற்றுவட்டார டயர் கடைகளில் விசாரித்தபோது, முத்திரையின் பெயரைச் சொன்னதுமே வேலையை ஏற்க மறுத்தார்கள். உரிமையாளருக்கு அதில் வருத்தம். தன் தந்தை இதே ரிம்களோடு வாழ்நாள் முழுவதும் தானியம் ஏற்றியதாக வாதாடினார். அது உண்மைதான். அப்போது ரிம்கள் புதியவை. இப்போது அவற்றுக்கு எழுபது வயது, மாற்றுப் பாகங்களும் தயாராவதில்லை. ஐந்தையும் கைவிடுவது என்ற முடிவு இங்கேயே எடுக்கப்பட்டது.

ஹப்பின் அளவுகள்

ஹப்பில் சக்கரத்தை மாட்டும் திருகு முளைகளான ஸ்டட்கள் ஆறு. எண்ணிக்கை இரட்டைப்படை என்பதால், எதிரெதிரே உள்ள இரண்டு ஸ்டட்களின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தாலே வட்டத்தின் விட்டம் கிடைத்துவிடும். 8¾ அங்குலம், அதாவது 222.25 மில்லிமீட்டர். ஐந்து ஸ்டட் வண்டிகளில் இப்படி நேராக அளக்க முடியாது. ‘ஆறு ஸ்டட் செவர்லே’ என்று மட்டும் சொல்லித் தேடினால், அதே காலத்து அரை டன் பிக்கப்பின் 5½ அங்குல வட்டமுள்ள சக்கரங்களே வந்து குவியும். அவற்றுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஸ்டட் வட்டம் பொருந்தினால் சக்கரம் பொருந்தும் என்று நினைப்பது அடுத்த பொறி. சக்கரத்தின் நடுத்துளை ஹப்பின் மேல் ஏற வேண்டும். நட்டின் சரிவும் துளையின் சரிவும் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும். பிரேக் டிரம்முக்கும் ரிம்முக்கும் இடையே இடைவெளி வேண்டும். அக்காலத்து அமெரிக்க லாரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் எதிர்த்திசையில் கழலும். ஸ்டட்டின் முனையைப் பார்க்காமல் நீண்ட குழாயைப் போட்டுத் திருகியவர்கள் ஸ்டட்டை முறித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பின்ஜோடிக்கு முக்கியமானது சக்கரத்தின் குழிவு, அதாவது ஹப்பில் ஒட்டும் பரப்புக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் இடையே உள்ள தூரம். இரண்டு சக்கரங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும்போது, இரண்டின் குழிவையும் கூட்டினால் வருவதே டயர்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம். இந்த லாரியின் பழைய சக்கரங்கள் 7.50-20 டயருக்காகச் செய்யப்பட்டவை. அதைவிட அகலமான டயரை அதே குழிவில் மாட்டினால், பாரம் ஏறும்போது உப்பும் பக்கச்சுவர்கள் ஒன்றோடொன்று உரசும், நடுவில் கல் சிக்கும், சூடேறும். ஜோடி டயர்கள் தீப்பற்றுவதற்கு இது ஒரு காரணம்.

ஆராயப்பட்ட வழிகள்

இன்று மிக எளிதாகக் கிடைப்பது இசுசு என்.பி.ஆர். வகையைச் சேர்ந்த இலகு லாரிகளின் சக்கரம். இசுசு அதே ஆறு ஸ்டட், 222.25 மில்லிமீட்டர் வட்டத்தைப் பயன்படுத்துகிறது. அந்தக் குடும்பத்து லாரிகளில் 19.5 அங்குல, ஒற்றைத் துண்டு, டியூப் இல்லாத சக்கரங்கள் உண்டு. அவற்றுக்கான 225/70ஆர்19.5 டயர் எந்த ஊரிலும் கிடைக்கும். அதன் 128/126 சுமைக் குறியீட்டு வகை, தனியாக 1,800 கிலோவும் ஜோடியில் 1,700 கிலோவும் தாங்கும். பாதுகாப்பு, விலை, கிடைக்கும் எளிமை ஆகிய மூன்றிலும் இதுவே முதலிடம். நானும் தொடக்கத்தில் இதன் பக்கமே சாய்ந்திருந்தேன்.

சிக்கல் உயரத்தில் வந்தது. 7.50-20 டயரின் விட்டம் ஏறத்தாழ 36.7 அங்குலம், 225/70ஆர்19.5 டயருக்கு ஏறத்தாழ 31.9. பார்வைக்குப் பெரிய லாரியில் சிறிய சக்கரம் மாட்டியதுபோல் இருக்கும் என்பது ஒருபுறம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த லாரியின் பின் அச்சின் பல்சக்கர விகிதம் 6.17, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற உந்துதண்டு 6.17 முறை சுழல வேண்டும். மாநிலங்களுக்கிடையிலான விரைவுச் சாலைகளுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தைய மண் சாலைகளில் தானியம் ஏற்றிச் செல்லக் கொடுத்த விகிதம் அது. பழைய டயரில் மணிக்கு 45 மைல் ஓட என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,600 சுற்று சுழன்றால் போதும். சிறிய டயரில் அதே வேகத்துக்குச் சுமார் 3,000 சுற்று தேவை. 216 கன அங்குல செவர்லே என்ஜினோ ஏறத்தாழ 3,400 சுற்றிலேயே தன் முழுத் திறனை அடைவது. பாபிட் உலோகம் வார்த்த பேரிங்குகளும், கரண்டிபோல் எண்ணெயை அள்ளித் தெறிக்கும் மசகு முறையும் கொண்ட அந்த என்ஜினை நெடுநேரம் 3,000 சுற்றில் வைத்திருக்க யாரும் துணிய மாட்டார்கள். பின் அச்சின் விகிதத்தை மாற்றினால் தீரும்தான்; ஆனால் சக்கரம் தேடப் போனவர் அச்சையே மாற்றுவது என்றால் வேலைக்கு எல்லை இருக்காது.

அடுத்தது 22.5 அங்குல, டியூப் இல்லாத சக்கரம். 20 அங்குல டியூப் டயருக்கு 22.5 அங்குல டியூப் இல்லாத டயர் இணையாவது பொது வழக்கு. 10.00-20க்கு 11ஆர்22.5, 9.00-20க்கு 10ஆர்22.5, 8.25-20க்கு 9ஆர்22.5, 7.50-20க்கு 8ஆர்22.5. உயரம் ஏறக்குறைய மாறாது. அதே ஸ்டட் வட்டத்தில் 22.5 அங்குலச் சக்கரங்களைப் பிற்காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் நடுத்தர லாரிகளில் காணலாம் என்றாலும், பழைய இரும்புக் களங்களில் ஒன்று கிடைத்த இடத்தில் இரண்டாவது கிடைக்கவில்லை. ஒரே குழிவுள்ள ஆறு சக்கரங்கள் சேர்வதற்கு வழியே தெரியவில்லை. 8ஆர்22.5 டயரும் இப்போது அரிது. டிரெய்லர்களில் பரவலாக உள்ள 255/70ஆர்22.5 டயரின் விட்டம் 36.6 அங்குலம், பழைய அளவோடு அச்சாக ஒத்துப்போகிறது. ஆனால் அதன் அகலம் பழையதைவிட ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் கூடுதல், ரிம்மும் 7.5 அங்குலம் வேண்டும். முன்சக்கரத்துக்கு அது போதும், பின்ஜோடிக்கு இந்தக் குழிவில் இடமில்லை.

பழைய சக்கரத்தின் நடுத்தட்டை வெட்டியெடுத்துப் புதிய ரிம்முக்குள் பற்றவைத்துத் தரும் நிறுவனங்கள் அமெரிக்காவில் உண்டு. ஸ்டட் வட்டம், சுழலும்போது வரும் ஆட்டம், பற்றவைப்பின் ஆழம் ஆகியவற்றை அளந்து சான்றளிக்கும் இடத்தில் செய்தால் இது நல்ல வழி; பக்கத்து வெல்டிங் பட்டறையில் செய்யக்கூடியதல்ல. ஆறு சக்கரத்துக்கான செலவு லாரியின் சந்தை விலையை நெருங்கியதால் உரிமையாளர் பின்வாங்கினார். அந்த முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. பாரம் ஏற்றி ஓடும் வண்டியாக இருந்திருந்தால் இதைத்தான் வற்புறுத்தியிருப்பேன்.

இராணுவத்தின் எம்35 இரண்டரை டன் லாரியின் சக்கரத்துக்கும் ஆறு ஸ்டட், 8¾ அங்குல வட்டம்தான். உபரி விற்பனையில் மலிவாக வரும். ஆனால் 9.00-20 டயருக்கான அகலமும் குழிவும் கொண்டது என்பதால், குறுகிய முன் அச்சில் டயர் வெளியே தள்ளி நிற்கும். அதனால் ஸ்டியரிங் கனக்கும், பேரிங்கின் மேல் சுமை இடம் மாறும். அதையும் விட்டோம்.

எடுத்த முடிவும் செய்த வேலையும்

மிஞ்சியது லாக் ரிங் வகைதான். 1960களைச் சேர்ந்த, வேறொரு பண்ணையில் உடைக்கக் காத்திருந்த ஒரு ஜெனரல் மோட்டார்ஸ் தானிய லாரியில் ஒரே நிறுவனத்தின் முத்திரையும் ஒரே குழிவும் 20×6.0 அளவும் கொண்ட ஆறு சக்கரங்கள் இருந்தன. 7.50-20 டயருக்கு 6.0 அங்குல ரிம்தான் உரியது. ஹப்பின் மேல் காலிச் சக்கரத்தை ஏற்றி, நடுத்துளையும் நட்டின் சரிவும் டிரம்மின் இடைவெளியும் சரிபார்த்த பிறகே விலை பேசப்பட்டது.

சக்கரங்களும் வளையங்களும் மணல் வீச்சால் சுத்தம் செய்யப்பட்டன. வண்ணம் பூசுமுன் வெறும் இரும்பாகவே ஒவ்வொன்றையும் பார்த்தோம். வளையம் உட்காரும் பள்ளம் கூர்மையாக இருக்கிறதா, ஸ்டட் துளைகளைச் சுற்றி விரிசல் ஓடுகிறதா, வளையத்தைத் தட்டையான மேசையில் வைத்தால் ஆடுகிறதா என்பவையே தேர்வு. இரண்டு வளையங்கள் ஆடின. அவற்றை நெம்பி நேராக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார், அது ஏற்கப்படவில்லை. லாரியில் முன்பே இருந்த இரண்டு லாக் ரிங் சக்கரங்களின் வளையங்கள் அளவில் ஒத்தவைபோல் தோன்றினாலும், முத்திரை வேறு நிறுவனத்துடையதாக இருந்ததால் அவற்றையும் கலக்கவில்லை. அதே நிறுவனத்தின் முத்திரையுள்ள இரண்டு வளையங்கள் கிடைக்கும்வரை வேலை நின்றது. பொறுமை வேண்டிய கட்டம் இதுதான், அவசரப்படுகிறவர்கள் தவறுவதும் இங்கேதான்.

டயர்களாக, நாம் நைலான் டயர் என்று சொல்லும் குறுக்கு இழை வகையில், 10 பிளை (டயரின் வலிமையைக் குறிக்கும் அடுக்கு எண்), நேர்க்கோட்டுப் பட்டன் கொண்ட புதிய 7.50-20 தேர்ந்தெடுக்கப்பட்டது. தயாரிப்புத் தேதி ஆறும் ஓராண்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுக்கப்பட்டது. டியூபும், டியூபுக்கும் ரிம்முக்கும் இடையே வைக்கும் ரப்பர் பட்டையான பிளாப்பும் புதியவை. பழைய டியூப் நீண்டு விரிந்திருக்கும், புதிய டயருக்குள் அது மடிந்து, மடிப்பில் கிழியும். பிளாப் இல்லாமல் லாக் ரிங் ரிம்மில் டியூபை வைத்தால் வளையத்தின் இடுக்கு அதைக் கடித்துவிடும்.

டயர் ஏற்றும் வேலையை, விவசாய வாகனங்களையும் கனரக லாரிகளையும் இன்னும் கையாளும் ஒரு கடை ஒப்புக்கொண்டது. முத்திரைகளின் படங்களை முன்கூட்டியே காட்டியதால்தான் ஒப்புக்கொண்டார்கள். கூண்டு, நீண்ட குழாய், பூட்டும் முனை எல்லாம் இருந்தன. ஒவ்வொரு டயரிலும் சிறிதளவு காற்று ஏற்றி, வளையம் சுற்றிலும் உட்கார்ந்ததைப் பார்த்து, மீண்டும் முழுவதும் இறக்கி, டியூபின் மடிப்பு நீங்கிய பிறகு இரண்டாம் முறை ஏற்றினார்கள். பின்ஜோடிகளில் உயரம் ஒத்த டயர்களை இணையாக்குவதற்காக, ஆறையும் நாடாவால் சுற்றளவு எடுத்து வரிசைப்படுத்தினார்கள். ஜோடியில் ஒன்று உயரமாக இருந்தால் பாரம் அதன் மேலேயே விழும்.

ஓட்டத்துக்குப் பிந்தைய நிலை

வண்டி 45 மைல் வேகத்தில் நடுக்கமின்றி ஓடுகிறது. இரவு முழுவதும் நின்ற நைலான் டயர் தரையைத் தொட்ட இடத்தில் சற்றுத் தட்டையாகி, காலையில் முதல் சில மைல்களுக்குத் தடதடக்கும், சூடேறியதும் சரியாகிவிடும். அது பழுதல்ல. முதல் குறுகிய ஓட்டத்துக்குப் பிறகு நட்டுகளை மறுபடி முறுக்கியபோது, பின்பக்கத்தில் சில கொஞ்சம் இறங்கின. சக்கரத்தின் இருக்கைப் பரப்பில் பூசிய புது வண்ணம் நசுங்கியதே காரணம். அந்த இடத்தில் வண்ணத்தைச் சுரண்டி நீக்கிய பிறகு இறக்கம் நின்றது.

கழற்றிய ஐந்து ஆர்.எச். 5° ரிம்களை ஒருவர் அலங்காரத்துக்கென்று விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. காற்றில்லாத நிலையில் எரிவாயு வெட்டியால் ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்தே பழைய இரும்புக்குப் போட்டார்கள். முழுசாகப் போனால் வேறு யாராவது வண்ணம் பூசி விற்பார்கள் என்பது உரிமையாளரே சொன்ன காரணம்.

ஏழாவது சக்கரம் இன்னும் கிடைக்கவில்லை. ஸ்டெப்னி தாங்கி காலியாகவே இருக்கிறது. பஞ்சர் ஆனால் சாலையோரத்தில் லாக் ரிங்கைக் கழற்றுவதில்லை, வண்டியை இழுத்துச் சென்று அதே கடையில்தான் பார்ப்பது என்று ஏற்பாடு. அதே முத்திரையும் அதே குழிவும் உள்ள ஒற்றைச் சக்கரத்துக்காகத் தேடல் தொடர்கிறது.